பழைய வாசலும் புதிய வாசலும்

ஒருவர் வீடு மாறிவிட்டார். பழைய முகவரிக்கு அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. தபால்காரர் அந்த முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்பிவைக்கிறார். கடிதம் எப்படிச் சுற்றி வந்தது என்பதை உறையைப் பார்த்தே சொல்லிவிடலாம், அல்லவா?

இணையதளங்களும் வீடு மாறுவதுண்டு. 2024 மே மாதத்தில் டுவிட்டர் டாட் காம் என்ற முகவரி எக்ஸ் டாட் காம் ஆனது. ஆனால் இங்கே தபால்காரர் கிடையாது. பழைய முகவரியிலுள்ள சர்வர், உங்கள் பிரவுசரிடம் ஓர் எண்ணையும் புதிய முகவரியையும் மட்டும் கொடுக்கிறது. 301 என்றால் நிரந்தர மாற்றம். 302 என்றால் தற்காலிகம். பிரவுசர் தானே புதிய வாசலுக்கு ஓடுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்!

வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று புதிய தளத்துக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஒரு லிங்க்கை அழுத்தினால், எந்தத் தளத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பிரவுசர் 'ரெஃபரர்' என்ற வரியில் எழுதி அனுப்புவது வழக்கம். (இச்சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் 'ஆர்' விடுபட்டுப்போயிற்று. 1996-ல் வெளியான விதிமுறையிலும் பிழையோடேயே ஏறிவிட்டது. இன்றும் கம்ப்யூட்டர்கள் அந்தப் பிழையைத்தான் எழுதுகின்றன!) முன்பெல்லாம் பக்கத்தின் முழு முகவரியும் போய்விடும். நீங்கள் எந்த நோயைப் பற்றிப் படித்தீர்கள் என்பதுகூட அடுத்த தளத்துக்குத் தெரிந்துவிடலாம். 2020-ல் குரோம் பிரவுசர், வேறு தளத்துக்குப் போகும்போது தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதை வழக்கமாக்கியது. நல்ல காரியம்தான்.

இப்போது ஒரு புதிர். ஒரு பள்ளிக்கு மூன்று பழைய முகவரிகள். மூன்றும் ஒரே புதிய தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளன. ஒரு செய்தித்தளத்திலுள்ள லிங்க்கை அழுத்தி, பழைய முகவரி ஒன்றின் வழியாக வருகிறீர்கள். ரெஃபரரில் எது இருக்கும்? பழைய முகவரி என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, செய்தித்தளத்தின் பெயர்தான்! நடுவில் திருப்பிவிட்ட வாசல் அதில் தடம் பதிப்பதில்லை. முகவரியை நீங்களே தட்டியிருந்தால் அந்த வரியே இராது.

பள்ளிக்கு இது பெரிய சங்கடம். முகவரியைக் காலாகாலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் வேறு யாரேனும் அதை வாங்கிக்கொள்ளலாம்; பள்ளியைத் தேடி வருபவர்கள் அவர் வாசலில் போய் நிற்பார்கள். மூன்றில் எது இன்னும் பயன்படுகிறது? பழைய சர்வரின் பதிவேட்டைப் பார்க்கலாம். ஆனால் 301-ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை நேரே புதிய வாசலுக்குப் போய்விடக்கூடும். எண்ணிக்கை குறைந்து தெரியும்.

எளிய வழி ஒன்று உண்டு. திருப்பிவிடும்போதே புதிய முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'வழி=1', 'வழி=2' என்று எழுதிவிடுவதுதான். தபால்காரர் உறையில் விட்டுச்செல்லும் அடையாளத்தை இங்கே நாமே போட்டுக்கொள்கிறோம். பிரவுசரின் மேற்பட்டையில் இப்படிப்பட்ட வால்களை நீங்களும் பார்த்திருப்பீர்களே!