நிறுத்தும் விகிதம்

பனிச்சங்கேணிப் பாலத்தில் சடுதியாகப் பிரேக் பிடிக்கும் எந்த வாகனமும் மூக்கைத் தாழ்த்தும். பாரம் முன்னே சாய்வதால் முன் டயர்கள் வீதியை இறுகப் பற்றுகின்றன. பின் டயர்களின் பிடி தளர்கிறது. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் ஓடும் வானுக்கு இந்தக் கணக்கைத் தொழிற்சாலையே போட்டுத் தந்திருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் கட்டும் பிரதிக் காருக்கு அதைப் போட்டுத் தர யாருமில்லை. கொலின் சப்மனின் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனைப் பார்த்துப் பலர் கார் கட்டினார்கள். எஞ்சினும் பிரேக்கும் பெரும்பாலும் வேறு கார்களிலிருந்து வந்தவை. ஆகவே பிரதிக் காருக்குப் பிரேக் பேட் தெரிவுசெய்பவர், தொழிற்சாலையின் பொறுப்பையே ஏற்கிறார். எந்தப் பேட் கூடப் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன், முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று அவர் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. அச்சுகளுக்கு இடையில் 2.25 மீற்றர், பார மையத்தின் உயரம் 0.45 மீற்றர், பாரம் முன்னும் பின்னும் சரிபாதி என்று வைப்போம். புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 பங்கு கடுமையோடு நிறுத்தினால் 16 சதவீதப் பாரம் முன்னே போகும். தேவையான விகிதம் 66:34. எஞ்சின் முன்னே இருக்கும், சற்று உயரமான குடும்பக் காருக்கு அது 78:22 அளவில் இருக்கலாம். அதன் பிரேக்கை அப்படியே பிரதிக் காரில் பூட்டினால் முன் சக்கரங்கள் முந்தி இறுகிவிடும், ஸ்டியரிங் கேட்காது. பின் டயர்களின் பிடியோ வீணாகும். பல பேட்களின் ஓரத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண சூட்டிலும் அடுத்தது கடும் சூட்டிலும் உள்ள உராய்வைச் சொல்கின்றன: எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முன்னே 0.4, பின்னே 0.5 உராய்வுள்ள பேட் போட்டால் 78:22 என்பது ஏறத்தாழ 74:26 ஆகும். மீதியை டிஸ்க்கின் அளவும் கலிப்பரின் பிஸ்டனும்தான் ஈடுசெய்ய வேண்டும். பேட் கடைசித் திருத்தத்துக்கு உரியது.

பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு போதாதா என்பார்கள். அது அழுத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. பின்பக்கம் மெலிந்திருக்கும் காருக்கு அதனால் பயனில்லை. முன்னே உராய்வு குறைந்த பேட் போட்டால் நிறுத்தும் வலு குறையாதா என்பதும் நியாயமான கேள்வி. பெடலைச் சற்றுக் கூட மிதிக்க வேண்டிவரும். ஆனால் நிறுத்தும் எல்லையைத் தீர்மானிப்பது டயரின் பிடி, நான்கு டயர்களும் சேர்ந்து உழைத்தால்தான் அந்த எல்லை வரை போகலாம். பந்தயப் பேட் வாங்கிவிடலாம் என்பது இன்னொரு யோசனை. அவற்றுள் பல, சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும்; வாவியோரத்தில் நிதானமாக ஓடும் காரில் முதல் மிதிக்கே அவை கைவிடக்கூடும்.

சோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. மாரி மழையில் நனைந்த வீதியில் கார் மெதுவாகவே நிற்பதால் பாரம் அதிகம் முன்னே சாயாது. அங்கே நான்கும் ஒன்றாக இறுகும்படி அமைத்தால், காய்ந்த வீதியில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பின் சக்கரங்கள் முதலில் இறுகிக் கார் சுழன்றுவிடும். அதனால் ஆளரவமற்ற, காய்ந்த, நேரான தரையில், மிகக் கடுமையாக நிறுத்தும்போதும் முன் சக்கரங்களே மயிரிழை முந்தி இறுகும்படி அமைக்க வேண்டும். மழையில் சிறிது தூரம் கூடப் போய் நிற்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. கார் நேராக நிற்கும் என்ற உறுதிக்கு அது கூடுதல் விலையல்ல.