தானியங்கி மோட்டார் கருவி: வாங்கும் முன் யோசிப்போம்

தொட்டி நிரம்பினா மோட்டார் தானா நிற்கிற கருவி நல்லதுதான். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் காயில் எரிந்துபோகும், குழுக்கடன்தான் மிஞ்சும்.

முதலில் மோட்டாரின் குதிரைத்திறன், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று குறித்துக்கொள்வோம். தொட்டி நிரம்பினால் மட்டுமல்ல, போரில் தண்ணீர் வற்றினாலும் மோட்டார் நிற்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கம்பி சென்சாரில் உப்பு படிந்து ஏமாத்திடும். மிதவை சென்சார் கேளுங்க. கருவி கெட்டால் கையால் போட தனி சுவிட்ச் இருக்கணும். எர்த்தும், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவது நாம்தானே!

பில், உத்தரவாத அட்டை தருவார்களா, பழுது பார்க்க பக்கத்தில் ஆள் உண்டா என்று விசாரித்த பிறகே கடன் மனு எழுதுவோம்.