ஆசையை விடணும்னு நினைப்பதும் ஆசைதானா? புத்தரின் சீடர் தந்த விடை

'ஆசையே துன்பத்துக்குக் காரணம்.' புத்தர் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பள்ளியில் படித்த இந்த வரிதான். கூடவே ஒரு கிண்டல் கேள்வியும் வரும்: "அப்போ ஆசையை விடணும்னு நினைக்கிறதும் ஆசைதானே?"

கிண்டலாக இருந்தாலும் கேள்வி நியாயமானது. தியானமோ விரதமோ, எதைத் தொடங்கினாலும் 'மன அமைதி வேணும்' என்ற விருப்பத்தில்தான் தொடங்குகிறோம். அந்த விருப்பமே தப்பு என்றால் முதல் அடியை எப்படி எடுத்து வைப்பது?

பூங்காவுக்கு வந்தவர் கேட்ட கேள்வி

பாலி மொழி நூலான சம்யுத்த நிகாயத்தில், உண்ணாபர் என்ற பிராமணர் இதையே கேட்கிறார். இடம், கோசாம்பி நகரின் கோசிதாராமம். பதில் சொல்பவர் புத்தரின் சீடர் ஆனந்தர்.

விருப்பத்தைக் கைவிடவே இந்தத் துறவு வாழ்க்கை என்கிறார் ஆனந்தர். அதற்கான வழியைச் சொல்லும்போது, முதலில் வருவதே விருப்பம்தான். விருப்பத்தை வைத்தே விருப்பத்தை எப்படி விடுவது என்று உண்ணாபர் மடக்குகிறார்.

ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார். இந்தப் பூங்காவுக்கு வர வேண்டும் என்ற விருப்பம் முன்பு இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்த பிறகு? அடங்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். தெளிவான நோக்கம் போய்ச் சேர்ந்ததும் தானாக ஓய்ந்துவிடும்.

தாகம் என்பது வேறு

துன்பத்துக்குக் காரணமாக புத்தர் சொன்ன பாலிச் சொல் 'தண்ஹா'. நேர்ப்பொருள், தாகம். ஆனந்தர் பேசியது 'சந்த' பற்றி. அதாவது, ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற நாட்டம். அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். இரண்டையுமே 'ஆசை' என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம். இத்தனைக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. திருக்குறளின் 37ஆவது அதிகாரம் அவாவறுத்தல்; 60ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை.

தண்ஹாவில் மூன்று வகை உண்டு. புலன் இன்பத்துக்கான தாகம், 'இப்படி ஆகணும்' என்ற தாகம், 'இது இல்லாமப் போகணும்' என்ற தாகம். ஆன்மிகத்தில் இறங்குபவர்கள் எளிதில் சிக்குவது இரண்டாவதில். 'நான் அமைதியான ஆளா மாறணும், இன்னும் மாறலையே' என்ற தவிப்பு அது. ஒன்று கிடைத்தாலும் அடங்காது, அடுத்ததைத் தேடும்.

வீணை சொல்லும் பாடம்

சோணர் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை துறவியானார். ராஜகிருகம் அருகே பாதத்தில் ரத்தம் வரும் அளவுக்கு நடைத் தியானம் செய்தார். பலன் இல்லை. பேசாமல் வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தார்.

அவர் வீணை வாசிக்கத் தெரிந்தவர். தந்தியை அதிகம் முறுக்கினால் இசை வருமா, தொய்ந்து கிடந்தால் வருமா என்று புத்தர் கேட்டார். இலக்கை மாற்றச் சொல்லவில்லை, பயிற்சியை நிறுத்தவும் சொல்லவில்லை. முறுக்கை மட்டும் சரிசெய்யச் சொன்னார். சோணர் பிறகு அரகந்த நிலையை அடைந்தார் என்கின்றன பாலி நூல்கள்.

நமக்கு எப்படித் தெரியும்?

தியான ஆப்பில் ஒருநாள் விட்டுப்போகிறது. 'சரி, நாளைக்கு உட்காரலாம்' என்று தோன்றினால் அது நோக்கம். 'ஸ்ட்ரீக் போச்சே, நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால் அது தாகம். அதற்காகத் தியானத்தையே விட வேண்டியதில்லை, முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். அதே நேரம், சோம்பலுக்கு 'எனக்கு ஆசையே இல்லை' என்று பெயர் வைத்தாலும் வேலைக்கு ஆகாது. தொய்ந்த தந்தியிலும் இசை வராது.