தைராய்டு மாத்திரையும் உறக்க மாத்திரையும்

தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பதன் காரணமாக நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வருவோர் நமது அங்கத்தினர் குடும்பங்களில், விசேஷமாகப் பெண்மக்களிடையே, பலர் உளர். அவர்களுள் சிலர் உறக்கத்திற்கும் மாத்திரை உட்கொள்ளுகின்றனர். படுக்கப் போகுமுன் இவ்விரண்டையும் ஒருங்கே விழுங்கலாமா என்னும் கேள்வி திருநகர் வட்டாரத்துச் சங்கங்களில் நம்மிடம் எழுப்பப்படுவதுண்டு. ஆகவே வைத்தியர்கள் கூறும் விதிகளை இங்கே திரட்டித் தருகிறோம்.

கழுத்தின் முற்பகுதியில் உள்ள தைராய்டு சுரப்பி, தைராக்ஸின் என்னும் பொருளைச் சுரந்து உடலின் வேலைகளுக்கு வேகம் கொடுக்கிறது. இப்பொருளை 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் என்பார் தனியே பிரித்தெடுத்தார். 1927-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஹாரிங்டன், பார்கர் என்னும் இருவர் அதனைச் செயற்கையாக ஆக்கினர். இன்று நாம் வாங்கும் லெவோதைராக்ஸின் மாத்திரை அதுவே. 25, 50, 100 என்று புட்டியின்மேல் காணப்படுவது மைக்ரோகிராம் கணக்காகும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவில் கொடுக்கப்படும் மருந்தில் ஒரு பகுதி உடலிற் சேராமற் போயினும் பலன் குறைந்துவிடும்.

இம்மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்படுவது. உணவு, காப்பி, பால், சோயா, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குரிய சில மருந்துகள் ஆகியவை அதனைத் தடுக்கும். எனவேதான் காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக, வெறும் வயிற்றில், தண்ணீருடன் உட்கொள்ளுமாறு கூறுகின்றனர். சுண்ணாம்பு, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாத்திரைகளைப் பெறும் கர்ப்பிணிகள் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மல்லிகை பறிப்போர் விடியுமுன் எழுந்து, தேநீர் அருந்திவிட்டுத் தோட்டத்திற்குச் சென்றுவிடுகின்றனர். காலை மாத்திரை தவறிப்போவது அவர்களுக்கு எளிது. இத்தகையோர் வைத்தியரின் யோசனையுடன் அதனை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2010-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியில், 90 நோயாளிகள் மூன்று மாதம் காலையிலும் மூன்று மாதம் இரவிலுமாக மாத்திரை உட்கொண்டனர். இரவில் உட்கொண்டபோது இரத்தத்தில் மருந்து சற்று நன்றாகவே சேர்ந்தது. ஆனால் இராச்சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமேனும் கழிந்திருக்க வேண்டும். ஏழரை மணிக்கு உண்டவர் பத்தரை மணிக்கு மாத்திரை உட்கொள்ளலாம். உறக்கம் வரவேண்டிப் படுக்கும்போது பால் அருந்தும் வழக்கமுள்ளோர், அவ்வழக்கத்தை விடுவதோ மாத்திரையைக் காலைக்கே வைத்துக்கொள்வதோ நலம்.

இனி உறக்க மாத்திரையைக் கவனிப்போம். வைத்தியர் எழுதிக் கொடுக்கும் வழக்கமான உறக்க மருந்துகள் தைராக்ஸின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் உறக்கத்திற்கென்று கடையில் விற்கப்படும் சத்து மாத்திரைகள் சிலவற்றில் மக்னீசியமோ சுண்ணாம்புச் சத்தோ உண்டு. அவற்றிற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அமுக்கராக் கிழங்கு, அதாவது அசுவகந்தா, சேர்ந்த மருந்து தைராய்டுச் சுரப்பின் அளவையே உயர்த்தக்கூடும். அதனை உட்கொள்வோர் வைத்தியரிடம் மறைத்தலாகாது.

சோல்பிடெம் போன்ற உறக்க மாத்திரையை உட்கொண்டவர் ஏழெட்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பத்தரை மணிக்கு அதனை உட்கொண்டு மூன்று மணிக்குப் பூப்பறிக்க எழுபவர், மயக்கத்துடனேயே சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறுகிறார். மறுநாட் காலை வரை மருந்து உடலில் தங்குவதைக் கண்டு, 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறை பெண்களுக்குரிய அளவைப் பாதியாகக் குறைத்தது. ஆகையால் உறக்க மருந்து கேட்கும்போது, தாம் எழும் நேரத்தையும் வைத்தியரிடம் கூறவேண்டும்.

இவையனைத்தினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. தைராய்டு மாத்திரையின் அளவு தேவைக்கு மிஞ்சினால் அதுவே உறக்கத்தைக் கெடுக்கும். நெஞ்சு படபடத்தல், கை நடுக்கம், மிகுந்த வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன உறக்கமின்மையுடன் சேர்ந்து காணின், முதலில் டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதனை விடுத்து உறக்க மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால், மிகையான அளவு வெளிப்படாமலே இருதயத்திற்கும் எலும்பிற்கும் கேடு விளைத்துக்கொண்டிருக்கும். மறுபுறம், சுரப்புக் குறைவு சரிவரக் கவனிக்கப்படாதவரிடம் உறக்க மருந்து மிகையாக வேலை செய்து மூச்சையும் மந்தப்படுத்தக்கூடும்.

மாத்திரை நேரத்தை மாற்றினால் அதே நேரத்தை நாள்தோறும் கைக்கொண்டு, ஆறு முதல் எட்டு வாரத்திற்குப் பின் மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தைராக்ஸின் பாதியாகக் குறைவதற்கே உடலில் ஏறத்தாழ ஏழு நாள் ஆகுமாதலால், ஒருநாள் தவறியதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. மதுரை வெயிலில் மாத்திரைப் புட்டியைச் சன்னலோரத்திலும் அடுப்படியிலும் வைத்தலாகாது.

தைராய்டிற்கு ஒரு வைத்தியரிடமும் உறக்கத்திற்கு மற்றொருவரிடமும் செல்வோர், எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, உட்கொள்ளும் நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரிடமும் காட்டுதல் அவசியம். இதனை எழுதப் படிக்க அறியாத முதியோருக்கு, வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.