களத்தோரத்துக் கல்வி

மனித உடல் எப்படி அசைகிறது, அந்த அசைவு எங்கே பிசகுகிறது என்று ஆராயும் துறை உடலியக்கவியல். அமெரிக்காவில் கைனீஸியாலஜி என்ற பெயரில் இதை இளநிலைப் பட்டப்படிப்பாகப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அதை ஒட்டிய தொழிற்படிப்பு அத்லெட்டிக் டிரெய்னிங். அத்லெட்டிக் டிரெய்னர் என்பவர் ஆட்டம் சொல்லித்தரும் கோச் அல்ல. ஜிம்மில் எடை தூக்கப் பழக்குபவரும் அல்ல. காயம் வராமல் தடுப்பது, வந்தால் களத்திலேயே சிகிச்சையைத் தொடங்குவது, அடிபட்டவரைப் படிப்படியாக மறுபடி ஆடும் நிலைக்குக் கொண்டுவருவது ஆகியவைதான் அவருடைய வேலை. மருத்துவரின் வழிகாட்டலில் செய்யும் இந்தப் பணிக்கு 1950-ல் அமெரிக்காவில் தேசியச் சங்கம் அமைந்தது. 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது.

அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களுக்கும் இதற்கும் உள்ள உறவு மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் சபையார் பலர் விளையாட்டை வீண்பொழுதென்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதில் கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1885-ல் கிறிஸ்தவ ஊழியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். மிஷனரி குடும்பத்தில் பிறந்த மருத்துவர் லூத்தர் குலிக் அங்கே உடற்கல்வியை முன்னெடுத்தார். உடல், மனம், ஆவி மூன்றையும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாக வரைந்து காட்டியவர் அவர். உடலைப் பேணுவதும் இறைப்பணியே என்ற அந்தக் கொள்கை ஒய்.எம்.சி.ஏ.வின் சின்னமாகவே ஆகிவிட்டது.

அதே பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க ஒரு விளையாட்டை உருவாக்கும் பொறுப்பை குலிக் அவரிடம் ஒப்படைத்தார். 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் கண்டுபிடித்ததுதான் கூடைப்பந்து. அவர் யோசித்த விதம் இன்றைய உடலியக்கவியல் மாணவருக்கும் பாடமாக வைக்கத்தக்கது. கால்பந்தாட்டங்களில் ஏன் ஆளை மோதி வீழ்த்துகிறார்கள்? பந்தோடு ஓடுபவரைத் தடுத்தாக வேண்டும் என்பதால். அப்படியானால் பந்தோடு ஓடவே கூடாது. இலக்கு எதிரே இருந்தால் பலங்கொண்ட மட்டும் வீசுவார்கள். ஆகவே அதைத் தலைக்கு மேலே, வாய் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் மென்மையாக எறிந்தே ஆக வேண்டும். காயத்தைக் குறைக்கும் நோக்கம் ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே இப்படிப் புகுந்தது. பின்னாளில் நெய்ஸ்மித் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

இந்த மரபு சென்னைக்கும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே.

இன்றைய படிப்பு உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் தொடங்குகிறது. பிறகு மூட்டுகளின் மேல் விழும் விசைகளைக் கணக்கிடும் உயிர்விசையியல், பயிற்சியின்போது இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்கும் விதம், ஊட்டச்சத்து, விளையாட்டு உளவியல் என்று விரிகிறது. முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஒருவரின் உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்கிறதா என்று கேமராவில் பதிந்து பார்க்கிறார்கள். அந்தச் சாய்வு சிறியதாகத் தெரியலாம். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெண் வீரர்களுக்கு இந்தக் காயம் கூடுதலாக நேர்கிறது.

அந்தத் தசைநார் அறுந்ததா இல்லையா என்பதைக் களத்திலேயே ஓரளவு சொல்லிவிட முடியும். அடிபட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை இருபது முப்பது பாகை அளவுக்கு லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுக்க வேண்டும். நல்ல முழங்காலில் கொஞ்சம் நகர்ந்ததும் வெடுக்கென்று ஒரு தடை கைக்குத் தெரியும். தசைநார் அறுந்திருந்தால் அந்தத் தடை இருக்காது. கால் தளர்வாக வந்துகொண்டே இருக்கும். வீக்கம் ஏறித் தசைகள் இறுகிவிட்டால் இதை உணர்வது கடினம். பக்கத்திலேயே பழகிய கை இருப்பதன் அருமை இதுதான். இதை ஏட்டில் கற்க முடியாது. எத்தனையோ முழங்கால்களைத் தொட்டுப் பார்த்த பிறகே விரல்களுக்கு வசப்படும்.

உயிர் காக்கும் தருணங்களும் உண்டு. வெயிலில் ஆடியவர் தடுமாறி, பேச்சுக் குழறி விழுந்தால் வெப்பத்தாக்கு என்று ஐயப்பட வேண்டும். நெற்றியில் வைக்கும் வெப்பமானி அப்போது ஏமாற்றிவிடும். ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவே நம்பத்தக்கது. அது 40 பாகை செல்சியஸுக்கு மேல் போயிருந்தால், முதலில் பனிக்கட்டி நீர் நிரம்பிய தொட்டியில் இறக்கிக் குளிர்வித்து, அதன் பிறகே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், மார்பில் அடிபட்ட டமார் ஹாம்லினின் இதயம் நின்றுபோனது. அவருடைய அணியான பஃபலோ பில்ஸின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர் டென்னி கெலிங்டன் களத்திலேயே மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டும் சிகிச்சை தந்தார். ஹாம்லின் பிழைத்தார், அடுத்த பருவத்தில் மறுபடி ஆடவும் செய்தார்.

ஆனால் இந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை 'நீ இன்று ஆடக் கூடாது' என்று சொல்வதுதான். தலையில் அடிபட்ட வீரர் தான் நன்றாக இருப்பதாகச் சாதிப்பார். கோச்சுக்கு வெற்றி வேண்டும், பெற்றோருக்கு உதவித்தொகை பறிபோகுமோ என்ற பயம். மூளை அதிர்ச்சி தெளியுமுன் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே 2009-ல் வாஷிங்டன் மாநிலம், மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழும் இளம் வீரரை உடனே வெளியேற்ற வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதித்தால்தான் திரும்ப ஆடலாம் என்று சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தனித்தன்மை வெளிப்பட வேண்டிய இடமும் இதுவே. முழங்கால் எந்த மதத்தாருக்கும் முழங்கால்தான். அறிவியல் பாடத்தில் வேறுபாடு கிடையாது. உடல் இறைவன் தந்தது, வீரர் அணியின் வெற்றிக்கான கருவி அல்ல என்ற நம்பிக்கையைத்தான் இந்த வளாகங்கள் சேர்த்துக் கற்பிக்கின்றன. டெக்சாஸில் பாப்டிஸ்ட் மரபில் வந்த பெய்லர் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை இளநிலை மாணவரும் சமயப் பாடங்கள் எடுக்க வேண்டும். சேப்பல் எனும் வழிபாட்டுக் கூட்டங்களுக்கும் செல்ல வேண்டும். பிற மதத்தாரும் அங்கே படிக்கலாம். கலிஃபோர்னியாவின் பயோலாவிலோ இளநிலை மாணவர்கள் கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்களாக இருப்பதே சேர்க்கை விதி. இத்தகைய பல்கலைக்கழகங்கள் தனியார் நிறுவனங்கள் என்பதால் கட்டணமும் அதிகம்.

அத்லெட்டிக் டிரெய்னர் ஆவதற்கு இப்போது அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் தேவை. இளநிலையில் உடலியக்கவியல் படித்துவிட்டு அதில் சேர்வதே வழக்கமான பாதை. அதே இளநிலைப் பட்டம் பிசியோதெரபி போன்ற மேற்படிப்புகளுக்கும் வழிவிடும். முதுநிலைப் படிப்பு உரிய அங்கீகாரம் பெற்றதாக இருந்தால்தான் தேசியச் சான்றிதழ்த் தேர்வை எழுத முடியும். பெரும்பாலான மாநிலங்களில் உரிமமும் அதைப் பொறுத்ததே. இந்தியாவில் அணிகளோடு பயணிக்கும் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்டுகளே ஏற்றிருக்கிறார்கள். படித்துவிட்டு ஊர் திரும்ப எண்ணுபவர்கள் சேரும் முன்பே இதையும் கணக்கில் கொள்வது நல்லது.