ஹெல்மெட்டில் காமிரா: எங்கே, எப்படிப் பொருத்துவது?

மைசூருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. யாதவகிரியில் இருந்த ‘ஐடியல் ஜாவா’ தொழிற்சாலை 1961-ம் ஆண்டில் ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் அதே ஆலையில் இருந்து ‘எஸ்டி’ வண்டிகள் வந்தன. 1996-ல் ஆலை மூடப்பட்டது. ஆனாலும், உதைத்துக் கிளப்பும் லீவரே கியர் லீவராகவும் இருக்கும் அந்த வண்டிகளை இன்றும் துடைத்து வைத்து ஓட்டுகிறவர்கள் மைசூரில் இருக்கிறார்கள்.

இப்போது மைசூர்ச் சாலைகளில் புதிய காட்சி ஒன்றைக் காணலாம். வண்டி ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ‘ஆக்ஷன் காமிரா’. கலிபோர்னியாவைச் சேர்ந்த நிக் உட்மன் என்ற அலைச்சறுக்கு விளையாட்டுப் பிரியர் 2002-ல் தொடங்கிய ‘கோப்ரோ’ கம்பெனிதான் இந்த வகைக் காமிராவை உலகம் முழுவதும் பரப்பியது. 2004-ல் வெளிவந்த அதன் முதல் காமிரா பிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் காமிரா. இன்று வருபவை எல்லாம் டிஜிட்டல்.

ஹெப்பாலிலும் நஞ்சன்கூட்டிலும் தொழிற்சாலை வேலை பார்க்கும் தமிழர்கள், நகரத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழர்கள் ஆகியோரையும் இந்த ஆசை விட்டுவைக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்சில் இடம் கிடைக்காதபோது, பலர் வண்டியிலேயே ஊருக்குக் கிளம்பி விடுகிறார்கள். ஈரோடு, கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாகத் திம்பம் மலைப்பாதை. அதில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீலகிரிக்காரர்களுக்குக் குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழி. இந்தப் பாதைகளைப் படம் பிடித்து வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். விபத்து நடந்தால் சாட்சி வேண்டும் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இரண்டும் நியாயமானவையே.

ஆனால் காமிரா வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர், அதை ஹெல்மெட்டில் பிடித்து வைக்கும் ‘மவுண்ட்’ விஷயத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்து விடுகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஓடு ஏன் வழவழப்பாக இருக்கிறது?

ஹெல்மெட்டின் மேல் ஓடு உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. வண்டியில் இருந்து விழுகிறவரின் தலை தார் ரோட்டில் மோதியதும் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிச் சறுக்கினால் அடியின் வேகம் குறையும். ஓட்டில் இருந்து ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது ரோட்டில் மாட்டும். உடல் முன்னே போகும்; தலை திருகிக்கொள்ளும். கழுத்துக்கும் மூளைக்கும் இந்தத் திருகல்தான் கெடுதல். அடி நேராக அந்தப் பெட்டியின் மேலேயே விழுந்தால், ஓடு முழுவதும் பரவ வேண்டிய விசை ஒரே இடத்தில் இறங்கும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. அது பரவலாக நசுங்க வேண்டும்.

அமெரிக்க அரசின் ஹெல்மெட் விதி இதனால்தான் கண்டிப்பாக இருக்கிறது. ஓட்டின் வெளியே கெட்டியான பொருள் எதுவும் 5 மில்லி மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. காமிராவின் உயரம் மட்டும் 5 சென்டி மீட்டர் இருக்கும். ஐரோப்பாவின் புதிய 22.06 விதி, ஹெல்மெட்டுக்கென்று விற்கும் துணைக் கருவிகளையும் சேர்த்து வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2021 ஜூன் 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை மட்டுமே தயாரிக்கவும் விற்கவும் முடியும். அந்த முத்திரை, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலையில் உள்ள ஹெல்மெட்டுக்குத்தான். அதில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கிய பிறகு முத்திரைக்கு மதிப்பில்லை. துளை போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29-ந் தேதி பிரான்சில் பனிச்சறுக்கு விளையாடும்போது பாறையில் மோதித் தலையில் பலத்த காயம் அடைந்தார். அவருடைய ஹெல்மெட்டில் காமிரா இருந்தது. அந்தக் காமிராவால்தான் காயம் கடுமையானது என்று மறு ஆண்டு பேச்சு எழுந்தது. அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ‘ஹெல்மெட்டில் எதையாவது ஒட்டினால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியை உலகம் முழுவதும் கிளப்பிவிட்டது அந்தச் சம்பவம்.

உச்சியிலா, பக்கத்திலா, தாடையிலா?

உச்சியில் வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பார்க்கவும் எடுப்பாக இருக்கும். இருக்கிற இடங்களிலேயே மோசமான இடம் அதுதான். ஒரு சாதாரண ஆக்ஷன் காமிராவின் எடை சுமார் 150 கிராம். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று அதைப் பிடித்துப் பின்னால் தள்ளும் விசையும் ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமம். தலை உச்சியில் இருந்து இழுப்பதால் கழுத்துக்கு அது நெம்புகோல் போல. மைசூரில் இருந்து சத்தியமங்கலம் போய்ச் சேருவதற்குள் கழுத்து வலி வந்து விடும். படத்திலும் வண்டியின் கைப்பிடி தெரியாது. ஆகாயமும் மரக்கிளையும்தான் அதிகம் தெரியும்.

பக்கவாட்டில் வைத்தால் காற்றின் இழுப்பு ஒரு பக்கமாக இருக்கும். கழுத்து தன்னை அறியாமல் ஈடு கொடுத்துக்கொண்டே வரும். லாரியை ஒட்டிப் போகும்போது இடிக்கிற அபாயமும் உண்டு.

முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டாக இருந்தால், தாடைப் பகுதிதான் இருப்பதில் தேவலாம். காமிரா நடுவில் இருக்கும். கழுத்துக்கு அருகில் இருக்கும். தலை திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். கைப்பிடி, வேகமானி, எதிரே வரும் வண்டி எல்லாம் படத்தில் விழும். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பசை நாடாவால் ஒட்டுவது. இன்னொன்று, பட்டைகளைத் தாடைப் பகுதியைச் சுற்றி இழுத்துக் கட்டுவது.

பட்டை வகையில் பசையும் இல்லை, துளையும் இல்லை; வேண்டாதபோது கழற்றி விடலாம். அதுவே அதன் சிறப்பு. ஆனால் கட்டிய பிறகு முகக் கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டும். பட்டை இடையில் மாட்டிக்கொண்டால் கண்ணாடி முழுவதும் மூடாது. ஆடி மாத மழையில் குண்டலுப்பேட்டை ரோட்டில் போகிறவருக்கு அதன் அருமை தெரியும். தாடையை மேலே தூக்கும் வகை ஹெல்மெட்டில், பட்டை அந்தத் தூக்கும் வேலையைத் தடுக்கும். விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்ற முயல்கிறவருக்கும் அது இடைஞ்சல். எனவே அந்த வகை ஹெல்மெட்டுக்குப் பட்டை பொருந்தாது.

ஒட்டும் வகைக்குத் தாடையின் வளைவு முக்கியம். பல ஹெல்மெட்டுகளின் தாடை கூர்மையாக இருக்கும். தட்டையான பிடியை அதில் வைத்தால் நடுவில் மட்டும் ஒட்டும். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். வாங்குவதற்கு முன்பு ஹெல்மெட்டையும் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, நாடாவைப் பிரிக்காமல் பிடியை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காகிதத்தை இடையில் நுழைக்க முடிந்தால் அந்தப் பிடி வேண்டாம். மங்கலான ‘மேட்’ பெயிண்ட் அடித்த ஹெல்மெட்டில் பசை சரியாகப் பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒட்டும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர விட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய உடனே கிளம்பி விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இந்த வகை நாடாவின் பசை 20 நிமிடத்தில் பாதிப் பலத்தைத்தான் அடையும். முக்கால் பங்குக்கு மேல் பலம் வர ஒரு நாள் ஆகும். முழுப் பலத்துக்கு மூன்று நாள். வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குக் கிளம்புகிறவர் செவ்வாய்க்கிழமையே ஒட்டி வைப்பது நல்லது. பின்னால் பிரிக்க வேண்டுமானால் தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடு காட்டி, மெல்லிய நூலை இடையில் விட்டு அறுக்கலாம். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் ஓட்டின் பலத்தை அவை வெளியே தெரியாமலே தின்று விடும்.

இன்னும் ஒன்று. பிடி இரும்பு போல் உறுதியாக இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். காற்றுக்கும் குலுக்கலுக்கும் அது அசையக் கூடாதுதான். ஆனால் தலை தரையில் மோதினால் காமிரா பிய்த்துக்கொண்டு போய் விட வேண்டும். காமிரா போனால் வேறு வாங்கலாம். ஆகவே இரும்புக் கம்பியால் சேர்த்துக் கட்டுவது, ‘எபாக்சி’ பசை போட்டு ஒட்டுவது ஆகிய கைவேலைகள் கூடாது. கழன்று விழுந்து தொலைந்து விடுமோ என்ற பயம் இருந்தால் இழுத்தால் அறுகிற மெல்லிய நூல் போதும்.

எடையைக் குறைப்பதும் ஒரு வழி. சுமார் 35 கிராமே எடையுள்ள ‘இன்ஸ்டா360 கோ 3’ போன்ற சிறு காமிராக்கள் வந்திருக்கின்றன. படத்தின் தரம் பெரிய காமிராவுக்கு ஈடாகாது. ஊர்ப் பயணத்தைப் படம் எடுக்க அது போதும்.

ஹெல்மெட்டே வேண்டாம் என்றால்?

பாதி ஹெல்மெட் போடுகிறவருக்குத் தாடைப் பிடிக்கு வழியில்லை. அவர் முதலில் முழு ஹெல்மெட் வாங்குவதே நல்லது. காமிராவுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் அதற்கு ஆகும்.

சாட்சிக்காக மட்டும் காமிரா வைக்கிறவருக்கு ஹெல்மெட் தேவையே இல்லை. வண்டியின் கைப்பிடிக் குழாயில் கவ்விப் பிடிக்கும் ‘கிளாம்ப்’ போதும். அதன் பார்வை எப்போதும் நேரே ரோட்டின் மேல் இருக்கும். ஒரே குறை, இன்ஜின் அதிர்வு. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் படம் நடுங்கும். ஆக்ஷன் காமிராக்கள் இந்த நடுக்கத்தை ஓரளவு தாமே சரிசெய்து விடுகின்றன. காமிராவுக்குப் பதிலாகச் செல்போனை மாட்டலாம் என்று எண்ணுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் காமிராவைக் கெடுக்கக் கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

நெஞ்சில் கட்டும் பட்டையும் உண்டு. அதில் கைகளும் கைப்பிடியும் தெரியும். டேங்க் மேல் குனிந்து ஓட்டுகிறவருக்கு மட்டும் அது ஒத்துவராது. டேங்க்தான் படத்தில் தெரியும். விழுந்தால் விலா எலும்பில் குத்தும் என்பதும் அதன் குறை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. பக்கத்து மாநிலமான கேரளாவின் மோட்டார் வாகனத் துறை 2022-ல் ஒரு படி மேலே போனது. ஹெல்மெட்டில் காமிரா பொருத்தினால் ரூ.1,000 அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் தற்காலிக ரத்தும் உண்டு என்று அறிவித்தது. மைசூரில் இருந்து வயநாடு போக அரை நாள் கூட ஆகாது. முத்தங்கா சோதனைச் சாவடிக்கு முன்பே காமிராவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். கழற்ற வசதியான பட்டைப் பிடிக்கு இது இன்னொரு சாதகம்.

பந்திப்பூர் வனச்சாலையில் 2009-ம் ஆண்டு முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. பகலிலும் வண்டியை நிறுத்தக் கூடாது. யானையைக் கண்டதும் நிறுத்திக் காமிராவைத் திருப்புவது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. பட்டனை அழுத்தும் வேலையெல்லாம் சோதனைச் சாவடிக்கு வெளியே முடிந்து விட வேண்டும்.

பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். வேகத்தடை, குறுக்கே வரும் மாடு, திடீரென்று திரும்பும் டிராக்டர் எல்லாம் அந்த ரோட்டில்தான். சாட்சிக் காமிராவுக்கு வேலை இருக்கும் இடமும் அதுதான்.

படம் சாட்சியாக வேண்டுமானால்

விபத்து நடந்த பிறகு படத்தை வெட்டி, பாட்டுச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி விட்டு, மூலப் படத்தை அழித்து விடுகிறார்கள். பிறகு வழக்கில் அது உதவாமல் போகலாம். 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவுக்குப் பொறுப்பானவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

எனவே விபத்து நடந்ததும் காமிராவை நிறுத்தி, மெமரி கார்டை வெளியே எடுத்து விட வேண்டும். பல காமிராக்களில் பழைய படத்தின் மேலேயே புதிய படம் பதியும்படி வைக்க வசதி உண்டு. ஓட விட்டால் வேண்டிய படம் அழிந்து விடும். எடுத்த கார்டை ஓர் உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி வைக்கலாம். காமிராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதை ஊருக்குக் கிளம்பும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி தீர்ந்து கழற்றி மாட்டும்போது சில காமிராக்களில் தேதி பழைய ஆண்டுக்குப் போய் விடுகிறது. விபத்து நடந்த நாளுக்கு நாலு வருஷம் முந்தைய தேதி படத்தில் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விட மாட்டார்.