பதினொரு மணிக் காட்சிக்கு யார் வருவார்?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க தியேட்டர்ல கடைசியாப் பார்த்த பத்துப் படத்தை மனசுல ஓட்டிப் பாருங்க. அதுல உங்க ஊர் மாதிரி ஒரு ஊர் எத்தனை படத்துல வந்துச்சு? உங்க அப்பாவோ அம்மாவோ பார்க்கிற வேலையை, கதையோட நாயகனோ நாயகியோ எத்தனை படத்துல பார்த்தாங்க?

எனக்கு வந்த விடை பூஜ்யம். உங்களில் பலருக்கும் ஒன்றோ இரண்டோதான் வரும். ஏன்னு கேட்டா ரெண்டு பதில் ரெடியா இருக்கு. "டைரக்டர்ஸ் அப்படி எழுதுறதில்ல" என்பது ஒன்று. "எடுத்தாலும் ஜனங்க பார்க்க மாட்டாங்க" என்பது இன்னொன்று. ஆனா எழுதுற டைரக்டருக்கும் பார்க்கிற ஜனங்களுக்கும் நடுவுல ஒரு மேசை இருக்கு. அங்கேதான் படம் விலைபோகுது. அந்த மேசையின் பெயர் விநியோகம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

என் கதையிலிருந்தே தொடங்குறேன். நான் தேனி மாவட்டத்துக்காரி. அப்பா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவர். விடியற்காலை ஜீப்ல ஏறினா மலை தாண்டி கேரளாவுக்குள்ள போய் வேலை பார்த்துட்டு, இருட்டுற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். 2018 ஆகஸ்ட் 24 அன்று லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளிவந்தது. எங்க மலை, எங்க ஏலக்காய், சொந்தமா ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுற ஒரு கூலித் தொழிலாளி. நான் அப்போ பத்தாவது. அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரே பிடிவாதம். ஆனா பக்கத்து டவுன்ல இருந்த தியேட்டர்ல அந்தப் படத்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு காட்சி, காலை 11 மணி. மலைக்குப் போற ஆள் காலை 11 மணிக்கு எங்கே இருப்பார்? மலையிலதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போலாம்னு காத்திருந்தோம். அதுக்குள்ள படத்தைத் தூக்கிட்டாங்க. கேட்டதுக்கு வந்த பதில்: "கூட்டம் இல்லம்மா."

யாருக்காக எடுத்த படமோ, அவங்க வர முடியாத நேரத்துல ஓட்டிட்டு, அவங்க வரலைன்னு சொல்லிட்டாங்க. இது எப்படி நடக்குதுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சது.

படம் உங்க ஊருக்கு எப்படி வருது?

தமிழ்நாட்டில் இன்று 38 மாவட்டங்கள். ஆனா சினிமா வியாபாரத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு–தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், நெல்லை–குமரி என்று ஏரியா ஏரியாவாகத்தான் உரிமை கைமாறும். பெயர்களைக் கவனிச்சீங்களா? பல பெயர்கள் பழைய மதராஸ் மாகாணத்து மாவட்டப் பெயர்கள். மாவட்டங்கள் பிரிஞ்சு எவ்வளவோ காலமாச்சு, சினிமா வரைபடம் மட்டும் அப்படியே இருக்கு. எங்க தேனி இன்னும் 'மதுரை–ராமநாதபுரம்' ஏரியாவுக்குள்ளதான்.

ஒரு ஏரியாவின் உரிமையை விநியோகஸ்தர் மூன்று வழிகளில் வாங்கலாம். முதலாவது அவுட்ரைட். மொத்தத் தொகையைக் கொடுத்து வாங்கிட்டா லாபமும் நட்டமும் அவருக்கே. இரண்டாவது மினிமம் கேரண்டி, சுருக்கமா எம்.ஜி. ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம்: எம்.ஜி. 50 லட்சம். படம் வெளிவரும் முன்பே அதைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துடணும். தியேட்டர்களிலிருந்து பங்காக 30 லட்சம்தான் வந்தா, மிச்ச 20 லட்சம் விநியோகஸ்தர் தலையில. 80 லட்சம் வந்தா, போட்ட காசையும் செலவையும் கமிஷனையும் எடுத்துக்கிட்டு, மேலே உள்ளதைப் பேசினபடி பிரிச்சுக்குவாங்க. மூன்றாவது வெறும் கமிஷன். படத்தைத் தியேட்டர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கூலி மட்டும் அவருக்கு. ரிஸ்க் முழுக்கத் தயாரிப்பாளருடையது.

இப்போ விநியோகஸ்தர் இடத்துல நீங்க உட்காருங்க. கையில இருக்கிறது பெரும்பாலும் வட்டிக்கு வாங்கின பணம். எம்.ஜி. போட்டு வாங்க ஒரு படம் வருது. "கதை நல்லாயிருக்கா?"ன்னா முதல்ல கேட்பீங்க? "யார் நடிச்சிருக்காங்க? முதல் மூணு நாள் நிச்சயமா எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்பீங்க. அவரை வில்லனாக்க நான் இதைச் சொல்லல. அந்த நாற்காலியில நானே உட்கார்ந்தாலும் அதைத்தான் கேட்பேன். தெரிஞ்ச முகம்தான் அங்கே இன்ஷூரன்ஸ்.

விளைவைப் பாருங்க. தெரிஞ்ச முகம் இல்லாத படத்தை யாரும் எம்.ஜி. போட்டு வாங்க மாட்டாங்க. அது கமிஷன் அடிப்படையில போகும். சொந்தக் காசு மாட்டாத படத்துக்காக எந்த விநியோகஸ்தரும் தியேட்டர்காரரிடம் மாலைக் காட்சி கேட்டு மல்லுக்கட்ட மாட்டார். அப்படித்தான் காலை 11 மணி வருது.

தர்மாமீட்டரை எங்கே வைக்கிறோம்?

நாம இன்ஜினியரிங் படிக்கிற ஆளுங்க. அதனால இதை அளவீட்டுப் பிரச்சினையா யோசிச்சுப் பாருங்க. 'மக்களுக்கு இந்தப் படம் வேணுமா?' என்பதை அளக்கணும். நம்ம கருவி டிக்கெட் விற்பனை. ஆனா அந்தக் கருவியை வெள்ளிக்கிழமை காலை 11 மணியில வச்சு அளக்கிறோம். அந்த நேரத்துல கூலி வேலைக்காரங்க வேலையில இருப்பாங்க. பெண்கள் அடுப்படியிலயோ வேலையிலயோ இருப்பாங்க. பிள்ளைங்க ஸ்கூல்ல. வர முடிஞ்சவங்க யாருன்னு பார்த்தா, காலேஜுக்குக் கட் அடிச்ச நாமதான்! ஐஸ்பெட்டிக்குள்ள தர்மாமீட்டரை வச்சுட்டு, ஊரே குளிருதுன்னு ரிப்போர்ட் எழுதுற மாதிரி இது.

அந்த ரிப்போர்ட் அங்கேயே நின்னாலும் பரவாயில்ல. அது பின்னூட்டமா திரும்பப் போகுது. "அந்த மாதிரிப் படம் ஓடல" என்ற செய்தி அடுத்த தயாரிப்பாளர் காதுக்குப் போகும். அவர் அடுத்த டைரக்டர்கிட்ட, "கதை நல்லாயிருக்கு தம்பி, ஹீரோவை மட்டும் மாத்திக்கலாமா?"ன்னு கேட்பார். இப்படி ரெண்டு மூணு சுற்று போனா, அந்த மனிதர்கள் கதையிலேயே இல்லாமப் போவாங்க. இப்படி ஒரு பிரிவினர் ஊடகத்தில் இல்லாமலே போவதை ஊடகவியலில் 'குறியீட்டு அழிப்பு' என்பார்கள். ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களில் பேசிய கருத்து இது. பெண்களை ஊடகம் எப்படிக் காட்டாமல் விடுகிறது என்பதை விளக்க, கே டக்மன் 1978-இல் இதே கருத்தைப் பயன்படுத்தினார். யாரையும் திட்டிக் காட்ட வேண்டியதில்லை. காட்டாமல் விட்டாலே போதும், சமூகத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று ஆகிவிடும்.

கத்தரிக்குத் தோதாக எழுதப்பட்ட காட்சிகள்

விற்கிற இடம் எழுதுற இடத்தை வளைக்குமான்னு சந்தேகம் இருக்கலாம். பாடப்புத்தகம் மாதிரி ஒரு உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகி 1940-களில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பல படங்களில் தோன்றினார். அந்தப் படங்கள் பலவற்றில் அவர் வருவார், ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். மற்ற பாத்திரங்களோடு கதையில் ஒட்டவே மாட்டார். காரணம் என்ன? நிறவெறி உச்சத்தில் இருந்த தென் மாநிலங்களிலும் படம் ஓடணும். அங்கே அவர் வரும் பகுதியை வெட்டினாலும் கதை அறுந்துவிடக் கூடாது. அதாவது, கத்தரி எங்கே விழும்னு முன்னாடியே தெரிஞ்சு, அதுக்குத் தோதா காட்சி அமைச்சாங்க.

அதே நாட்டில் இன்னொரு வழியும் இருந்தது. ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின எழுத்தாளர் 1919-இல் 'தி ஹோம்ஸ்டெடர்' படத்தை எடுத்தார். பெரிய நிறுவனங்களின் வழியை நம்பாமல், தானே பிரிண்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கறுப்பின மக்கள் வரும் தியேட்டர்களில் பேசி ஓட்டினார். அப்படியே பல பத்துப் படங்கள். அவர் படங்களில் கறுப்பினத்தவர் வக்கீலாக, மருத்துவராக, காதலராக வந்தார்கள். விற்பனை வழி கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? 2023-இல் வந்த 'ஜெயிலர்' நடிகர் பட்டியலைப் பாருங்க. ரஜினிகாந்தோடு கேரளாவிலிருந்து மோகன்லால், கர்நாடகத்திலிருந்து சிவராஜ்குமார், இந்தியிலிருந்து ஜாக்கி ஷெராஃப், தெலுங்கிலிருந்து சுனில். விசில் அடிச்சுத்தான் நானும் பார்த்தேன், மறுக்கல. ஆனா அந்தப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா, அது விநியோக வரைபடம் மாதிரியே இருக்கு.

அப்போ சின்னப் படங்கள் வந்ததே?

வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும். 'காக்கா முட்டை' 2015 ஜூனில் வந்தது. பீட்சா கடை வாசலில் விரட்டப்படும் இரண்டு குப்பத்துச் சிறுவர்களின் கதை. பெரிய ஹீரோ கிடையாது. ஆனா தயாரிப்பாளர்கள் தனுஷும் வெற்றிமாறனும். 'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பர் 28-இல் வந்தது. முதல் நாள்தான் மணிரத்னத்தின் 'செக்கச் சிவந்த வானம்' நட்சத்திரக் கூட்டத்தோடு வந்திருந்தது. மாரி செல்வராஜுக்கு அது முதல் படம். பின்னால் நின்றது பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ். 'கபாலி', 'காலா' என்று ரஜினியை வைத்து இரண்டு படம் எடுத்தவர் பிடித்துக்கொண்ட கதவு அது. 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கும் தயாரிப்பாளர் விஜய் சேதுபதிதான்.

கதை பலம் மட்டும் வாசலைத் திறக்கல. உள்ளே இருக்கிற ஒருத்தர் ஜாமீன் நிற்க வேண்டியிருக்கு. ஜாமீன் கிடைக்காத எத்தனை கதை வாசலிலேயே நின்னுச்சோ, அந்தக் கணக்கு யாரிடமும் இல்ல.

ஓடிடி வந்தாச்சே, இனி என்ன?

2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியா அமேசான் பிரைமில் வந்தப்போ, தியேட்டர்காரங்க கடுமையா எதிர்த்தாங்க. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' அதே வழியில் வந்து, இருளர் மக்கள் மீதான காவல்துறை வன்முறையை வீட்டுக்கு வீடு பேச வைத்தது. ஏரியா இல்ல, காலைக் காட்சி இல்ல. பெரிய மாற்றம்தான்.

ஆனா மேசை காணாமப் போகல, இடம் மாறியிருக்கு. 'ஜெய் பீம்' சூர்யா நடித்து, சூர்யாவின் நிறுவனம் தயாரித்த படம். இருளர் பெண் செங்கேணியாக நடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ். அருமையா நடிச்சார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கதை ஒரு சமூகத்துடையது, முகம் வேறொருவருடையது என்ற கேள்வி மிச்சம் இருக்கு. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. நம்ம கண்ணுக்கு அது வந்தது 2023 அக்டோபரில், ஓடிடியில். மேலூர்ப் பக்கத்து வெயிலில் ஒரு அப்பாவும் மகனும் நடந்த படம், மேலூருக்கு வருமுன் உலகத்தைச் சுற்றி வந்தது.

நாம என்ன பண்ணலாம்?

பெருசா புரட்சி எதுவும் வேண்டாம். முதல் மூணு நாள் வசூல்தான் காட்சி நேரத்தைத் தீர்மானிக்குதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். பார்க்கணும்னு நினைக்கிற சின்னப் படத்தை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'னு தள்ளாதீங்க, அடுத்த வாரம் அது இருக்காது. பத்துப் பேர் சேர்ந்து போய், "சாயங்காலக் காட்சி போடுவீங்களா அண்ணே?"ன்னு தியேட்டர்ல கேளுங்க. அவங்களுக்கு அது தகவல். தர்மாமீட்டரை நகர்த்தி வைக்கிற வேலை. நம்ம காலேஜ்ல ஆடிட்டோரியம் இருக்கு, புரொஜெக்டர் இருக்கு. தயாரிப்பாளரிடம் முறையா அனுமதி வாங்கி வருஷத்துக்கு நாலு படம் போட்டா, கேன்டீன் அக்காவும் வாட்ச்மேன் அண்ணனும் வந்து உட்காருகிற நேரத்துல போடலாம். முக்கியமா, "ஜனங்க பார்க்க மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, "எந்தக் காட்சிக்கு?"ன்னு திருப்பிக் கேளுங்க.

அப்பா அந்தப் படத்தை ரெண்டு வருஷம் கழிச்சு, லாக்டவுன்ல, என் போன்ல பார்த்தார். வீட்டு வாசல்ல உட்கார்ந்து, வெளிச்சம் படாம கையால மறைச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் பேசல. முடிஞ்சதும் போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, "இதைப் பெரிய திரையில பார்த்திருக்கணும் பாப்பா"ன்னு சொன்னார்.

அவர் வர மாட்டேன்னு ஒருநாளும் சொல்லல. சாயங்காலம் ஆறரைக்குப் போட்டிருந்தா வந்திருப்பார்.